கவர்னர் கையெழுத்துக்கு கெடு உண்டா?

ஏப்ரலில் "உண்டு" என்றது சுப்ரீம் கோர்ட்டு. நவம்பரில் "இல்லை" என்றது. இரண்டும் 2025-ல் நடந்தவைதான்!

சட்டசபை நிறைவேற்றிய மசோதாவை கவர்னர் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால் என்ன செய்வது? தமிழ்நாட்டு வழக்கு கிளம்பியது இந்தக் கேள்வியில்தான்.

சிக்கியவை 10 மசோதாக்கள். பெரும்பாலும் பல்கலைக்கழக சமாச்சாரம். துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை, வேந்தரான கவர்னரிடம் இருந்து எடுத்து அரசுக்குக் கொடுப்பது முக்கிய அம்சம். அதாவது, யாருடைய அதிகாரம் போகிறதோ அவரிடமே கையெழுத்து கேட்கவேண்டும்! மூத்த மசோதா 2020 ஜனவரியைச் சேர்ந்தது.

அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன பிறகுதான் அசைவு தெரிந்தது. 2023 நவம்பர் 13-ந் தேதி கவர்னர் ஆர்.என்.ரவி 10 மசோதாக்களையும் திருப்பி அனுப்பினார். 18-ந் தேதி சட்டசபை மறுபடியும் நிறைவேற்றியது. 28-ந் தேதி அவர் அவற்றை ஜனாதிபதிக்கு ஒதுக்கிவிட்டார்.

"இது செல்லாது" என்று 2025 ஏப்ரல் 8-ந் தேதி நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் தீர்ப்பளித்தனர். 10 மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்படும் என்றனர். கவர்னருக்கு ஒன்று முதல் மூன்று மாதம், ஜனாதிபதிக்கு மூன்று மாதம் என்று கெடுவும் வைத்தனர். மூன்றாம் நாளே கெஜட்டில் சட்டம் வந்தது, கவர்னர் கையெழுத்து இல்லாமல்! இந்தியாவில் இதுவே முதல் தடவை.

ஜனாதிபதிக்கே கெடுவா? டெல்லி சும்மா இருக்கவில்லை. மே மாதம் ஜனாதிபதி திரவுபதி முர்மு, 143-வது பிரிவின் கீழ் சுப்ரீம் கோர்ட்டிடம் 14 கேள்விகள் கேட்டார். இது அப்பீல் அல்ல, யோசனை கேட்பது. பதில் சொல்ல கோர்ட்டு மறுக்கவும் செய்யலாம். அயோத்தி விஷயத்தில் 1994-ல் அப்படி மறுத்ததும் உண்டு.

இந்த முறை பதில் வந்தது. நவம்பர் 20-ந் தேதி தலைமை நீதிபதி கவாய் உள்பட 5 நீதிபதிகள், அரசியல் சட்டத்தில் இல்லாத கெடுவை கோர்ட்டு வைக்கமுடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது என்றனர்.

கவர்னருக்கும் ஒரு பிடி போட்டனர். கையெழுத்து போடலாம், ஜனாதிபதிக்கு அனுப்பலாம், காரணம் சொல்லி சபைக்கே திருப்பலாம். திருப்பாமல் முடக்கமுடியாது. காரணமில்லாமல் நெடுங்காலம் கிடப்பில் போட்டால், "ஏதாவது ஒரு முடிவு எடுங்கள்" என்று மட்டும் கோர்ட்டு சொல்லலாம்.

நெடுங்காலம் என்றால் எத்தனை மாதம்? அந்தக் கணக்கை 5 பேரும் சொல்லவில்லை. இனி ஒவ்வொரு தடவையும் மாநில அரசு கோர்ட்டு படி ஏறித்தான் கேட்கவேண்டும்.