வாட்களமும் தாய்மொழியும்

2021ஆம் ஆண்டு, சூலைத் திங்கள் 26ஆம் நாள். சப்பான் நாட்டில், தோக்கியோவுக்கு அணித்தேயுள்ள மக்குகாரி ஆடரங்கில், ஒலிம்பிக்கு விளையாட்டுகளின் பெண்டிர்க்கான தனியர் வெட்டுவாட் போட்டி நடைபெற்றது. கொள்ளைநோயால் ஓராண்டு தள்ளிவைக்கப்பெற்ற விளையாட்டுகள் அவை. பார்வையாளர் இருக்கைகள் வெறுமையாய்க் கிடந்தன. கைதட்டற்கு ஆளில்லா அவ்வரங்கில் மெய்ம்மறை பூண்டு, முகவலை அணிந்து, வாளேந்திக் களத்தில் ஏறினார் சென்னையிற் பிறந்த தமிழ்மகள் பவானி தேவி. இந்திய ஒன்றியத்திலிருந்து ஆணாயினும் பெண்ணாயினும் அதற்குமுன் ஒருவரும் ஒலிம்பிக்கு வாட்களத்திற் கால்வைத்ததில்லை. முதலில் வைத்த கால் தமிழ்க்காலே.

முதற்சுற்றில் துனீசியா நாட்டு நாதியா பென் அசீசியை 15–3 என்று எளிதில் வென்றார். அடுத்த சுற்றில் பிரான்சு நாட்டு மனோன் புருனேயிடம் 7–15 என்று தோற்றார். புருனே உலக முன்வரிசையில் நின்றவர். அன்றே அப்போட்டியில் வெண்கலப் பதக்கமும் வென்றவர். அத்தகையாரிடம் தோற்றதில் இழுக்கொன்றும் இல்லை. ஆயினும் அன்று மாலைக்குள், தம்மால் இயன்றதனைத்தும் செய்தும் வெல்ல இயலவில்லை என்று கூறிப் பொறுத்தருள வேண்டினார் அம்மகளார்.

யார் யாரிடம் பொறுத்தருள வேண்டுவது? வாள் வாங்கப் பொருளின்றி மூங்கிற் கழியைக் கொண்டு பயின்றவர் அவர். மகளின் பயிற்சிக்காகத் தாயார் நகைகளை அடகு வைத்ததும் ஊரறிந்த செய்தி. சென்னையிலே பள்ளிச் சிறுமியாய்த் தொடங்கிய பயிற்சியைத் தலைச்சேரிக்கும், பின்னர் இத்தாலிக்கும் சென்றே தொடர வேண்டியிருந்தது. அந்நாள்வரை அக்கலையின் பெயரையும் கேட்டறியாதிருந்த மக்களிடம் அவர் பொறுத்தருள வேண்டியது தலைகீழ் முறையன்றோ? வேண்டியிருக்க வேண்டியோர் மற்றையோரே. அந்தக் கடன் இன்னும் தீர்ந்தபாடில்லை. அதனைத் தீர்க்கும் வழிகளுள் ஒன்றையேனும் எண்ணிப் பார்ப்பது தமிழர் கடமை.

அன்றைய களத்தில் ஒலித்த மொழி யாது? சப்பானியம் அன்று, ஆங்கிலமும் அன்று. பிரெஞ்சு மொழி! ‘ஆன் கார்டு’ என்றால் காப்புநிலையில் நிற்பர். ‘பிரே’ என்றால் அணியமா என்று வினவுவதாம். ‘ஆலே’ என்றவுடன் வாள்கள் பாயும். ‘ஆல்ட்’ என்றால் நிற்கும். நடுவர் எந்நாட்டவராயினும், பொருதுவோர் எம்மொழியினராயினும் உலக வாட்களத்தின் ஆணைமொழி இதுவே. அன்று தமிழ்மகளுக்கு எதிர்நின்ற புருனே தம் தாய்மொழியில் ஆணை கேட்டார். தமிழ்மகளோ அயன்மொழியிற் கேட்டார்.

இது கண்டு பிரெஞ்சுக்காரர்மேற் சினங்கொள்வதிற் பயனில்லை. அவர்கள் இவ்விடத்தை இரந்து பெறவில்லை. வாட்கலையின் ஒவ்வோர் அசைவுக்கும் தம் மொழியிற் பெயரிட்டனர், நூல் எழுதினர், பள்ளி நடத்தினர், விதி வகுத்தனர். 1913ஆம் ஆண்டில் உலக வாள்வீச்சுக் கூட்டமைப்பு நிறுவப்பெற்றதும் பாரிசு நகரிலேதான். சொல்லை ஆக்கியவன் களத்தையும் ஆள்கின்றான். வாளெடுத்த நாடுகள் பல. அவற்றுள் வாட்கலைக்குச் சொல்லெடுத்த நாடு உலகையே தன் மொழியில் நிற்கவும் பாயவும் வைத்துவிட்டது.

இக்கலைக்கு மொழி மேற்பூச்சன்று என்பதை வெட்டுவாட் போரின் இலக்கணமே காட்டும். களம் 14 மீட்டர் நீளமுள்ள ஓர் ஒடுங்கிய தடம். இடுப்புக்கு மேற்பட்ட தலை, தோள், மார்பு ஆகியவை இலக்கு. வாளின் முனையும் படலாம், வாயும் படலாம். பட்டவுடன் மின்விளக்கு எரியும். இருவர் வாளும் ஒருங்கே பட்டு, இரு விளக்கும் எரிந்தால் யாருக்கு மதிப்பெண்? முறைப்படி முதலில் தாக்கத் தொடங்கியவர்க்கே. அத்தாக்குதலை மற்றவர் வாளால் தடுத்துவிட்டால், மறுதாக்குதலின் உரிமை தடுத்தவரைச் சேரும். இது முந்துரிமை நெறி. நொடிப்பொழுதில் நிகழும் தாக்கு, தடுப்பு, மறுதாக்கு ஆகியவற்றின் கோவையைப் பிரெஞ்சு மொழியினர் வாள்களின் சொற்றொடர் என்னும் பொருள்படும் பெயரால் வழங்குகின்றனர். எத்துணைப் பொருத்தம்! எழுவாய் எது, பயனிலை எது என்று மாணவன் சொற்றொடரைப் பிரித்தறிவது போலவே, வினை யாருடையது, எதிர்வினை யாருடையது என்று நடுவர் அவ்வாட்டொடரைப் பிரித்தறிகின்றார். பத்து அகவைச் சிறுமி ஒருத்திக்கு இந்நெறியை அவள் கனவு காணும் மொழியிற் சொல்லாமல் வேறெம்மொழியிற் சொல்வது?

இங்குத்தான் அங்கேரி நாட்டின் வரலாறு தமிழர்க்குப் பாடமாக நிற்கின்றது. அந்நாட்டு மக்கள்தொகை இன்று ஒரு கோடிக்கும் குறைவு. அவர்தம் மொழியோ சூழவுள்ள செருமானியத்தோடும் சிலாவிய மொழிகளோடும் இனத்தொடர்பு அற்றது. 1784ஆம் ஆண்டில் பேரரசன் இரண்டாம் யோசேப்பு அம்மக்கள்மீது செருமானியத்தை ஆட்சிமொழியாகத் திணித்தான். மக்கள் எதிர்த்தனர்; 1790இல் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. எதிர்த்ததோடு அவர்கள் அமையவில்லை. கசின்சி முதலான அறிஞர்கள் மொழிச்சீர்திருத்த இயக்கம் கண்டு, ஆயிரக்கணக்கான புதுச்சொற்களைத் தம் மொழி வேரினின்றே படைத்தனர். 1844இல் இலத்தீனை அகற்றி அங்கேரியமே ஆட்சிமொழியாயிற்று. 1916இல் மறைமலையடிகள் தனித்தமிழுக்கு வித்திட்டதை அறிந்தோர்க்கு இவ்வரலாறு அயலதாகத் தோன்றாது.

அத்தகைய மொழிமானமுள்ள மக்கள் வாட்களத்தில் எய்தியது என்ன? 1908 முதல் 1964 வரை நடந்த ஒலிம்பிக்கு விளையாட்டுகளில் ஆடவர் தனியர் வெட்டுவாட் பொற்பதக்கத்தை 1920ஆம் ஆண்டு ஒன்று நீங்கலாக ஒவ்வொரு முறையும் அங்கேரியரே வென்றனர். போரில் தோற்ற நாடென்று 1920இல் அவர்களை அழையாது விட்டனர். அதனாலேயே அம்முறை தவறிற்று. ஆக 11 முறை! அண்மையில் 2012, 2016 ஆகிய இரு விளையாட்டுகளிலும் வென்ற ஆரோன் சிலாகி, தோக்கியோவிலும் மூன்றாம் முறையாகப் பொன் வென்றார். தமிழ்மகள் களமேறியதற்கு இரண்டு நாள் முன்னர், அதே அரங்கிலேதான் அவ்வெற்றி நிகழ்ந்தது.

அங்கேரியர் பிறர் கலையை வெறுத்தவரல்லர். 1896ஆம் ஆண்டிலேயே இத்தாலிய வாளாசான் இத்தாலோ சாந்தெல்லியைப் புடாபெசுட்டுக்கு வரவழைத்துக் கற்றவர்கள். ஆசானை வெளியிலிருந்து பெற்றனர். சொல்லை வீட்டிலிருந்து எடுத்தனர். வெட்டுவாளைக் ‘கார்டு’ என்றும், வாட்கலையை ‘வீவாசு’ என்றும் இன்றும் தம் மொழிப் பெயராலேயே வழங்குகின்றனர். உலகக் களத்தில் பிரெஞ்சு ஆணைக்கு அடிபணிகின்றனர். தம் பள்ளியில் தாய்மொழியிற் பயில்கின்றனர். களத்தின் மொழி வேறு, கல்வியின் மொழி வேறு என்னும் தெளிவு அவர்க்குண்டு. அத்தெளிவு 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட தமிழ்நாட்டிற்கு ஏன் வரவில்லை?

தமிழ்ச் செய்தித்தாள்கள் அக்கலையை ‘வாள்வீச்சு’ என்று எழுதின. அது நன்று. ஆனால் அதனோடு நின்றுவிட்டன. அடுத்த வரியிலேயே ‘சேபர் பிரிவு’ என்று தொடர்ந்தன. வாளுக்கு ஒள்வாள், நெடுவாள் என்று அடைகொடுத்துப் பாடிய மொழி. வாளைப் போற்றும் விழாவுக்கு ‘வாண்மங்கலம்’ என்று தொல்காப்பியத்திலேயே துறை வகுத்த மொழி. அடி, பிடி, வெட்டு, குத்து, பூட்டு, காலடி என்று சிலம்பக் களத்தில் இன்றும் ஒலிக்கும் மொழி! சொல் இல்லை என்பார் தேடாதவரே.

தேடினால் வரும் சொற்கள் எத்துணை எளியவை! முனையால் மட்டும் உடற்பகுதியைத் தொடும் மெல்லிய வாள் ‘நுனைவாள்’. உடல் முழுதும் குத்தற்குரியது ‘குத்துவாள்’. முனையாலும் வாயாலும் பொருவது ‘வெட்டுவாள்’. முன்காலை நீட்டித் தாக்குவது ‘பாய்வு’. ஏய்க்க வீசுவது ‘பொய்வீச்சு’. பகைவாளை விலக்குவது ‘தடுப்பு’. தடுத்தபின் வீசுவது ‘எதிர்வீச்சு’. ‘நில்! அணியமா? தொடங்கு!’ என்று பயிற்சிக் களத்தில் ஒலித்தால் எந்த வாளும் மழுங்கிப் போகாது. உலகக் களத்துக்குச் செல்வோர் பிரெஞ்சு ஆணைகள் நான்கைக் கற்க ஒரு நாள் போதும்.

“வெற்றிக்கு வேண்டுவது வாளா, சொல்லா?” என்று எள்ளுவோர் உளர். இரண்டும் வேண்டும். வாளும் ஆசானும் பயிற்சிக் களமும் இன்றிச் சொல் மட்டும் பதக்கம் பெற்றுத் தாராது. ஒரு தாயின் நகைகளை நம்பி இக்கலை வளர்வது அரசுக்கும் மக்களுக்கும் நாணத்தக்கது. ஆனால் சொல்லின்றி வாள் மட்டும் வந்தால், அக்கலை ஆங்கிலம் அறிந்த நகரத்துச் சிலர்க்கே உரியதாகிவிடும். பவானி தேவி ஒருத்தி எல்லாத் தடையும் கடந்து சென்றார். 2023இல் ஆசிய வாள்வீச்சுப் போட்டியில் உலக முதல்வியான சப்பானிய நாட்டு மிசாகி எமுராவை வீழ்த்தி வெண்கலமும் வென்றார். அவர் கடந்த தடைகளையெல்லாம் அடுத்த சிறுமியும் கடக்க வேண்டும் என்பது பெருமையாகாது, கொடுமையாகும்.

தோக்கியோ அரங்கில் அவர் தாங்கிய பெயர் இந்தியா. தமிழ்நாடு என்னும் பெயர்க்கு அங்கே இடமில்லை. அவ்விடத்தை இன்றே பெறுவது தமிழர் கையில் இல்லை. ஆனால் தமிழ்நாட்டுப் பள்ளிக் களத்தில் தமிழ் ஒலிக்க எவருடைய இசைவும் வேண்டா. உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரும் தமிழாசிரியர் ஒருவரும் ஒரு மாலை அமர்ந்தால் வாட்கலைக்குரிய சொற்பட்டியல் அணியமாகிவிடும். ஒவ்வொரு பள்ளியிலும் அம்மாலை வரட்டும். மூங்கிற் கழியேந்தி நிற்கும் சிறுமி, தன்னைப் பாயச் சொல்லும் ஆணையைத் தன் தாய்மொழியிற் கேட்கட்டும். அப்பொழுதே அன்று பொறுத்தருள வேண்டிய மகளார்க்குத் தமிழர் பட்ட கடன் தீரத் தொடங்கும்.