ஓடியபடி பார்க்கும் கொழும்பில் எது விடுபடுகிறது?

பெர்லின், ரோம், நியூயோர்க் போன்ற நகரங்களில் வழிகாட்டியோடு ஓடியபடியே ஊர் பார்க்கும் சுற்றுலா நெடுநாளாக நடக்கிறது. காலையில் ஒரு மணிநேரம், பத்துக் கிலோமீற்றருக்குள் ஓட்டம், இடையிடையே நின்று கதை.

கொழும்புக்கும் இது தோதானதுதான். 2024இல் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களில் பலருக்குக் கொழும்பு என்பது சிகிரியாவுக்கோ எல்லவுக்கோ போகுமுன் தங்கும் ஓர் இரவு. வெயில் ஏறுமுன் முடியும் ஓட்டம் அந்த இரவோடு ஒரு காலையையும் சேர்க்கும். வியர்த்துக் கொட்டும் பயணியை இரத்தினக்கல் கடைக்குள் கூட்டிப்போய்த் தரகு வாங்கவும் முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இது பிடித்திருக்கிறது.

சிக்கல் பாதையில் இருக்கிறது. கொழும்பில் தடையின்றி ஓடக்கூடிய இடங்கள் காலிமுகத்திடல், பேர வாவிக்கரை, விகாரமகாதேவி பூங்கா, சுதந்திர சதுக்கம் என விரல்விட்டு எண்ணக்கூடியவை. இவற்றில் பெரும்பகுதி போருக்குப் பின், நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்த காலத்தில் செப்பனிடப்பட்டது. அதே காலத்தில்தான், 2010 மே மாதம், வாவியை அண்டிய கொம்பனித்தெருவில் மியூஸ் வீதி வீடுகள் இடிக்கப்பட்டன. கொழும்பில் ஏறத்தாழ 68,000 குடும்பங்களை அடுக்குமாடிகளுக்கு இடம்பெயர்க்கத் திட்டமிடப்பட்டு, பலர் தெமட்டகொட, வனாத்தமுல்லப் பக்கம் அனுப்பப்பட்டார்கள். நல்ல நடைபாதையைத் தேடி ஓடுகிறவர் அரசு காட்ட விரும்பிய நகரத்தை மட்டுமே பார்ப்பார்.

ஆகவே வழிகாட்டி யார் என்பதே முக்கியம். காலிமுகத்திடலில் நின்று துறைமுக நகரத்தின் 269 ஹெக்டேயரைக் கைகாட்டலாம். 2022 மே 9ஆம் திகதி அதே திடலில் 'கோட்டா கோ கம' கூடாரங்கள் தாக்கப்பட்டதையும் சொல்லலாம். இரண்டாவதைச் சொல்லப் பலர் தயங்குவார்கள். வழிகாட்டிக்கான அனுமதிப்பத்திரத்தை வழங்குவது சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை. உத்தியோகபூர்வக் கதையை விட்டு விலகினால் பிழைப்புக்கு ஆபத்தோ என்ற அச்சம் இந்நாட்டில் இயல்பானது.

கொம்பனித்தெருவில் மலாய், தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த வீதிகளை அறிந்த இளைஞர்களுக்குப் பயிற்சியும் அனுமதிப்பத்திரமும் கிடைத்தால், வாவிக்கரையிலிருந்து இருநூறு மீற்றர் உள்ளே திரும்பலாம். ஒழுங்கைகளில் ஓட முடியாது, நடக்கத்தான் வேண்டும். இடிபடாமல் தப்பிய வீடுகள் அங்குதான் இருக்கின்றன.