ஓரங்குலத்துள் ஒரு மைல்

சென்ற ஞாயிறன்று வெள்ளவத்தையில் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். விறாந்தை மேசைமீது, மடிப்புக்களில் நைந்துபோன பழைய நிலப்படம் ஒன்று விரிந்து கிடந்தது. நண்பரின் முதிய தந்தையாரும் பத்து வயதுப் பேரனும் அதன்மேற் குனிந்திருந்தனர்.

அது வன்னி நிலத்தின் ஒரு பகுதியைக் காட்டும் ஓரங்குலப் படம். நிலத்தில் ஒரு மைல் தூரம் தாளில் ஓரங்குலமாகும். 1800 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற நில அளவைத் திணைக்களம், 1897 இல் தொடங்கி 1924 வரை இலங்கை முழுவதையும் இவ்வாறு அளந்து, 72 தாள்களில் அடக்கியது. கரடியும் காய்ச்சலும் மலிந்த காடுகளினூடே நடந்து அளந்தோரின் உழைப்பை எண்ணி வியந்தோம்.

பாலையும் முதிரையும் கருங்காலியும் ஓங்கிய காடு அது. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் பலவற்றின் வளைகளும் கதவுகளும் இத்தகைய வன்மரங்களாலானவையே. அக்காட்டினூடே வடக்கு நோக்கி நீலக்கோடாக ஓடுகிறது கனகராயன் ஆறு. இரணைமடுவிற் குளமாகத் தேங்கி, அப்பாற் சுண்டிக்குளக் கடனீரேரியை அடையும் ஆறு அது.

பேரன் ஆங்கில எழுத்துக்களைக் கூட்டி, "இரானமாடு" என்று வாசித்தான்.

"மாடில்லை மோனை, மடு, இரணைமடு. மடுவெண்டால் தண்ணி நிக்கிற பள்ளம். இரணையெண்டால் இரட்டை" என்றார் பாட்டனார்.

யாவரும் நகைத்தோம். ஆயினும் அந்நகைப்பு நீடிக்கவில்லை. குறிலும் நெடிலும், லகரமும் ளகரமும் அவ்வெழுத்துக்களில் வேறுபடுவதில்லை. ஊரை அறிந்த நாவொன்று அருகில் இல்லையெனில், பெயர் தாளில் இருந்தும் இல்லாததே.

2009 இல் முடிவுற்ற போர் அவ்வூர்களின் மக்களிற் பலரைத் திசைதோறும் சிதறடித்தது. பாட்டனாரும் அவ்வாறு கொழும்புக்கு வந்தவரே. அவருடைய விரல் ஆற்றோரமாக நகர்ந்து, சிறு குளம் ஒன்றின் அருகே நின்றது.

"இதிலைதான் எங்கடை வளவு" என்றார்.

தாளில் அவ்விடத்தில் எழுத்து எதுவும் இல்லை. அவ்வளவின் எல்லையில் நின்ற பாலைமரமும், தைமாதத்தில் அதன்கீழ்ப் பொங்கிய பொங்கலும் அவருடைய நினைவில் மட்டுமே உள்ளன.

நிலத்தை அளப்போர் தூரத்தையும் உயரத்தையும் குறித்துத் தந்தனர். பெயரின் ஒலியையும் பொருளையும் குறித்து வைக்க வேண்டியோர் நாமே. மாணவர்களே! உங்கள் இல்லத்து முதியோர்முன் அவர்கள் ஊரின் நிலப்படப் படியொன்றை விரியுங்கள். அவர்கள் சொல்லும் குளத்தையும் துறையையும் மரத்தையும் தமிழில் எழுதுங்கள். இதனை நாளைக்கென ஒத்திவைத்தல் தகாது.

நாம் விடைபெற்று எழுந்தபொழுது, பேரன் பென்சிலைத் தீட்டிக்கொண்டிருந்தான்.