'செடா' போட்டால் வேகமா?

எங்கட பெடியளிட்ட ஒரு பழக்கம். அப்பாச்சி கேமலில் ஒரு மொடியூலில் இருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்ப வேண்டுமா? உடனே 'செடா'. ஏனென்று கேட்டால், "அது வேகம் அண்ணா" என்பார்கள்.

வேகம்தான். அனுப்புகிற ரூட் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. நினைவகத்தில் இருக்கிற வரிசையில் போட்டுவிட்டுப் போய்விடும். ஜேவிஎம் விழுந்தால் வரிசையும் போச்சு. வாடிக்கையாளருக்கோ "ஓடர் கிடைத்தது" எண்டு ஏற்கெனவே சொல்லியாச்சு. இதை வேகம் எண்டு சொல்லாதேங்கோ, பொய் எண்டு சொல்லுங்கோ.

'டிரெக்ட்' அதே திரெட்டில் ஓடும். அடுத்த ரூட்டில் பிழை வந்தால் அழைத்த ரூட்டுக்கே திரும்பி வரும். இந்த இரண்டும் ஒரே கேமல் கன்டெக்ஸ்டுக்குள்தான். அதைத் தாண்டிப் போக 'விஎம்', 'டிரெக்ட்-விஎம்' இருந்தன. 2023இல் வந்த கேமல் 4 இரண்டையும் தூக்கிவிட்டது. பழைய கோட்டைக் கொப்பி பண்ணவும் வழியில்லை.

ஆகவே முதலில் டிரெக்ட். தொலையக் கூடாத செய்தி என்றால் ஆக்டிவ்எம்கியூ மாதிரி, வட்டில் எழுதிவைக்கிற வரிசை. தொலைந்தாலும் பரவாயில்லை என்று வாய்விட்டுச் சொல்ல முடிந்தால் மட்டும் செடா.

சொல்லுங்கோ பாப்பம், உங்கட ஓடர் தொலைந்தால் பரவாயில்லையா?