மூன்றாவது துப்பாக்கி யாருக்கு?

ஒரு மனிதனுக்கு எத்தனை துப்பாக்கி வேண்டும்? மில் கேட்டில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டால் தொழிலாளிகள் சிரிப்பார்கள். களத்துமேட்டில் கேட்டால், "ஒரு நல்ல மண்வெட்டிக்கே வழியில்லை, துப்பாக்கிக்கு எங்கே போவது?" என்பார்கள். ஆனால் டில்லி பார்லிமெண்டில் 2019 டிசம்பரில் இந்தக் கேள்வி பலமாக அடிபட்டது. இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஏன் என்பதைப் பார்ப்போம்.

வெள்ளைக்காரன் 1878ல் கொண்டுவந்த ஆயுதச் சட்டம், இந்தியன் ஆயுதம் வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும் என்றது. வெள்ளைக்காரனுக்கு விலக்கு உண்டு. நமக்குக் கிடையாது. சுதந்திரம் வந்த பிறகு 1959ல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 1962 அக்டோபர் 1 முதல் அமுலுக்கு வந்தது. லைசென்ஸ் எல்லோருக்கும் பொது என்று ஆயிற்று. ஆனால் ஒருவர் எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு வரம்பு இல்லை. 1983ல்தான் ஆளுக்கு மூன்று என்று வரம்பு கட்டினார்கள். 2019ல் வந்த மசோதா அதை ஒன்றாகக் குறைக்கச் சொன்னது. உடனே கூச்சல் கிளம்பியது. பரம்பரைத் துப்பாக்கிகளைச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் ராஜ குடும்பங்கள் பதறின. பாட்டியாலா ராஜ குடும்பத்தில் பிறந்தவரும் அப்போது பஞ்சாப் முதலமைச்சராக இருந்தவருமான அமரீந்தர் சிங்கும் எதிர்ப்புத் தெரிவித்தார். கடைசியில் ஒன்று இரண்டாயிற்று. 2019 டிசம்பர் 14 முதல் ஆளுக்கு இரண்டு என்பதே சட்டம்.

கைத்துப்பாக்கியானாலும் சரி, இரட்டைக் குழல் துப்பாக்கியானாலும் சரி, எல்லாம் சேர்த்து இரண்டுதான். மூன்றாவதை வைத்திருந்தவர்கள் ஒரு வருஷத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். அதன்பின் 90 நாளில் அதன் லைசென்ஸ் நீக்கப்படும் என்று விதித்தார்கள். அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. தாத்தா வைத்துவிட்டுப் போனது என்றாலும் இரண்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறை.

இந்த வரம்பை நாம் ஆதரிக்கிறோம். தயக்கமில்லாமல் ஆதரிக்கிறோம். ஊரில் துப்பாக்கி யார் வீட்டில் இருந்தது, யாரை நோக்கி நீண்டது என்பது கூலி விவசாயிக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்களே, கொளுத்த வந்த கூட்டத்தின் கையில் துப்பாக்கியும் இருந்தது.

ஆனால் வரம்பு போட்டதோடு வேலை முடிந்ததா? உச்சவரம்பு என்ற சொல் நமக்குப் பழைய சொல். 1961ல் இந்த மாநிலத்தில் நிலத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பு கட்டினார்கள். 1970ல் அதை 15 ஆக்கினார்கள். மகன் பேரில், மருமகள் பேரில், கணக்குப்பிள்ளை பேரில் என்று மிராசுதாரர்கள் எழுதி வைத்த கதையைப் பாடம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. துப்பாக்கி வரம்பும் ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. அப்பனுக்கு இரண்டு, மகனுக்கு இரண்டு, தம்பிக்கு இரண்டு. லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி கண்ணை மூடிக்கொண்டால் ஒரே கூரையின் கீழ் ஆறு துப்பாக்கி சட்டப்படியே நிற்கும்.

சேகரிப்பாளர்கள் என்று ஒரு சாரார் உண்டு. பழைய துப்பாக்கிகளை, நாணயம் சேர்ப்பது போலச் சேர்ப்பவர்கள். இவர்களில் நியாயமானவர்களும் இருக்கிறார்கள். சரித்திரப் பொருளை அழித்துவிடு என்று நாம் சொல்லவில்லை. சட்டமும் சொல்லவில்லை. பழுது பார்த்தாலும் சுட முடியாத பழங்காலத்துத் துப்பாக்கியை 1959ம் ஆண்டுச் சட்டத்தின் 45வது பிரிவு விலக்கி வைத்திருக்கிறது. 2020 பிப்ரவரியில் வந்த உத்தரவு, அரும்பொருள் வகையைச் சேர்ந்த சிறு ஆயுதங்களை லைசென்ஸ் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம், எடுத்துச் செல்லவும் உபயோகிக்கவும்தான் லைசென்ஸ் வேண்டும் என்றது. அப்படியிருக்க, சுடக்கூடிய மூன்றாவது ரிவால்வர்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பதில் சரித்திர ஆசை எங்கே இருக்கிறது? அது அந்தஸ்து ஆசை. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம் 1993ல் மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கிக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் போட்டு, 2012ல் அதை எடுத்துவிட்டு, 2020ல் மீண்டும் போட்டது. மாதம் ஒன்று! அந்தத் தேசத்தின் கணக்கு நமக்கு வேண்டாம்.

இனி அலங்காநல்லூர்ப் பக்கம் வருவோம். வெறுங்கையோடு காளையின் திமிலைப் பிடிக்கிற ஊர் இது. துப்பாக்கி பிடித்து வீரம் காட்ட வேண்டிய அவசியம் இங்கே யாருக்கும் இல்லை. ஆனால் சிறுமலை அடிவாரத்தில் கரும்பும் கடலையும் போட்டவனுக்கு ராத்தூக்கம் இல்லை. காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் ஒரு போகத்தைத் தின்றுவிட்டுப் போகிறது. அந்த விவசாயிக்குச் சட்டத்தில் ஓர் உரிமை இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்காக, குழல் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உண்மையான தேவையோடு விண்ணப்பித்தால் லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்கிறது 13வது பிரிவு. கைத்துப்பாக்கி கேட்பவன்தான் தகுந்த காரணம் காட்டியாக வேண்டும். போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டி லைசென்ஸ் மறுக்கக் கூடாது என்று 14வது பிரிவு சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். மனுதாரர் கேட்டால் கொடுக்க வேண்டும். 18வது பிரிவின்படி அப்பீல் உண்டு.

நடப்பது என்ன? மலையடிவாரத்துச் சிறு விவசாயி ஒருவர் நம்மிடம் சொன்னார்: "மனு கொடுத்த இடத்தில், உனக்கு எத்தனை ஏக்கர் என்று கேட்டார்கள். ஒன்றரை ஏக்கர் குத்தகை என்றேன். சிரித்து அனுப்பிவிட்டார்கள்." சட்டம் கேட்காத கேள்வியை ஆபீஸ் கேட்கிறது. சொத்துக்காரனின் இடுப்பில் ரிவால்வர் தொங்குவதற்கு மட்டும் காரணங்கள் தாமாகக் கிடைத்துவிடுகின்றன.

அந்த லைசென்ஸ் கிடைத்தாலும் பன்றியைக் கொல்ல அது அனுமதி ஆகாது. 1972ம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்கும். சத்தம் போட்டு விரட்டலாம், அவ்வளவுதான். கேரளத்தில் 2022 முதல், பயிரை அழிக்கும் பன்றியை லைசென்ஸ் உள்ளவரைக் கொண்டு சுடச் செய்ய உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த ஏற்பாடு வேறு: காப்புக் காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, 1 முதல் 3 வரை பிடிக்கலாம், 3க்கு அப்பால் வனத்துறையார்தான் சுட வேண்டும். மலையை ஒட்டி நிலம் வைத்திருப்பவனுக்கு இதனால் என்ன பிரயோசனம்? பன்றி முதலில் நுழைவது அவன் வயலில்தானே!

எந்த வழியும் இல்லாதபோது கள்ளத்தனமாக மின்வேலி போடுகிறார்கள். நாட்டு வெடியைத் தீனியில் வைக்கிறார்கள். பன்றிக்கு இழுத்த கம்பியில் விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிற கூலியாள் கருகி விழுகிறான். அவன் வீட்டில் துப்பாக்கி ஒன்றா, இரண்டா, மூன்றா என்று யாரும் விவாதிப்பதில்லை. மின்வேலி போடுகிற விவசாயிக்கும் ஒன்று சொல்கிறோம்: சாகிறவன் உன்னைப் போன்றவன்தான். அந்தக் கம்பியை இன்றே கழற்று.

சர்க்காரிடம் நாம் கோருவது இதுதான். இரண்டுக்கு மேல் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர், ஒப்படைத்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கை மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும். ஒரே வீட்டில் பல பேரில் உள்ள லைசென்சுகளை மறுபரிசீலனை செய்ய வேண்டும். பயிர்ப் பாதுகாப்பு மனுக்களைச் சொத்துக் கேட்காமல் பைசல் செய்ய வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். பன்றி அழித்த பயிருக்கு நஷ்டஈடு குத்தகைதாரன் கையில் போய்ச் சேர வேண்டும், பட்டாக்காரன் கையில் அல்ல. மனு நிராகரிக்கப்பட்டவர்கள் விவசாயிகள் சங்கத்துக்கு வாருங்கள். 30 நாள் கெடு தாண்டுமுன் அப்பீல் எழுத வேண்டும்.