செட்டு மாத்திரையும் முட்டி வலியும்

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் பக்கம் ஒரு கிராமத்தில் என் அக்கா வீடு. பொங்கலுக்குப் போயிருந்தபோது சாமி மாடத்தில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் பேப்பரில் மடித்த பொட்டலங்கள் இருந்தன. பிரித்தால், அட்டையில் இருந்து பிரித்தெடுத்த நாலு மாத்திரை. "முட்டி வலிக்கு செட்டுடி. காலையில ஒண்ணு போட்டாத்தான் காட்டுக்குப் போக முடியுது" என்றாள். டாக்டர் சீட்டே இல்லாமல் மெடிக்கல் கடையில் வாங்கி, மூன்று வருடமாகச் சாப்பிட்டிருக்கிறாள்!

சித்திரையில் இரண்டு காலும் வீங்கிவிட்டது. ரத்தம் பார்த்ததில் கிரியேட்டினின் ஏறியிருந்தது. வலி மாத்திரையைத் தினமும் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், பிரஷர் ஏறும், கிட்னியும் கெடும் என்று டாக்டர் சத்தம் போட்டார். இந்த மாதிரி செட்டுகளில் ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. பல மாதம் சாப்பிட்டவர்கள் இதைப் படித்துவிட்டுப் பயந்துபோய் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. பொட்டலத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

அக்காவை அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கச் சொன்னார்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, ஐந்து எண்ணும்வரை கீழே அழுத்த வேண்டும். பத்து தடவை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக நீட்டிப் பிடிக்க வேண்டும். தொடைச் சதை பலப்பட்டால் முட்டிக்குப் பாரம் குறைகிறது. உடம்பில் ஒரு கிலோ இளைத்தால், நடக்கும்போது முட்டியில் ஏறும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறையுமாம்! ஒரு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று அக்கா அலுத்துக்கொண்டாள். இரண்டு மாதம் ஆன பிறகுதான் படி ஏறும்போது சுவரைப் பிடிப்பதை விட்டாள். வலி அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வலிக்கிற நாளில் வெந்நீர் ஒத்தடமும், டாக்டர் எழுதிக்கொடுத்த களிம்பும்தான். (முட்டி சிவந்து, சூடாக வீங்கி, காய்ச்சலும் இருந்தால் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.)

ஆனால் என் ஆதங்கம் வேறு. அக்காவுக்கு முட்டி தேய்ந்தது வயதால் மட்டுமா? வெங்காயம் பிடுங்கினால் நாள் முழுக்கக் குத்துக்காலிட்டுத் தாள் அரிய வேண்டும். எங்கள் அரியலூர் மாவட்டத்தில் ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் குனிந்து நிமிர்ந்து முந்திரிக்கொட்டை பொறுக்குகிறார்கள். வீட்டுக்கு வந்தால் அரிவாள்மணை, துணி துவைப்பு எல்லாம் தரையில்தான். பிறகு முட்டி என்ன இரும்பா?

இந்தத் தடவை அக்கா பழைய பெஞ்சையும் கட்டிலையும் களத்தில் போடச் சொன்னாள். கட்டில்மேல் வெங்காயம், பெஞ்சில் ஆட்கள். "கூலிக்கு வர்றவங்களுக்கு சோபா போடுறியா?" என்று மாமா கேலி செய்தார். மாலையில் பார்த்தால் அரிந்தது ஒரு மூட்டையும் குறையவில்லை. ஆள் வைத்து வேலை வாங்கும் மற்ற வீடுகளிலும் இப்படிச் செய்தால் என்ன?

ஆஸ்பத்திரி வரை போக முடியாதவர்கள், 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் சொல்லுங்கள். வீட்டுக்கே வந்து செய்யும் பிசியோதெரபியும் அதில் உண்டு. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இது தெரியவில்லை.

மெடிக்கல் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பவளிடம், "சீட்டு வாங்கிட்டு வாம்மா" என்று சொல்லி அனுப்புங்கள்.

- ஒரு வாசகி, செந்துறை.