டீக்கடையில் ஒரு கோச்

கொல்கத்தாவில் பெரிய மேட்சின் முடிவைத் தெரிந்துகொள்ள மறுநாள் பேப்பர் வாங்க வேண்டியதில்லை, மீன் சந்தைக்குப் போனால் போதும் என்பார்கள். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்திருந்தால் இலிஷ் மீனுக்குக் கிராக்கி. மோகன் பகான் ஜெயித்திருந்தால் இறாலுக்கு. இலிஷ் பத்மா நதியின் மீன். தேசப் பிரிவினையில் வீடு, நிலம், தோப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு எல்லை தாண்டி வந்தவர்கள் நாக்கில் மட்டும் கொண்டுவந்த ருசி. இறால், ஏற்கெனவே இங்கே வேர் பிடித்திருந்த மேற்கு வங்கக் குடும்பங்களின் பெருமை. முன்னவர்கள் 'பாங்கால்', பின்னவர்கள் 'கோட்டி'. இருவரும் ஒரே மொழி பேசுகிறார்கள், ஒரே பஸ்ஸில் தொங்குகிறார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்கள். கால்பந்து என்று வந்துவிட்டால் மட்டும் சம்பந்தி சம்பந்தி இல்லை.

ஜெயித்தவன் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறான். தோற்றவன் எங்கே போவான்? டீக்கடைக்குத்தான்.

ஈஸ்ட் பெங்கால் தோற்ற மறுநாள் காலை, தெற்குக் கொல்கத்தாவில் அகதிக் குடியிருப்புகளாகத் தொடங்கிய பேட்டை ஏதாவதொன்றில் பெஞ்சில் உட்கார்ந்தால் போதும். மண் குவளையில் டீ ஆறிக்கொண்டிருக்கும். ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவர் பேப்பரை மடித்துத் தொடையில் தட்டியபடி ஆரம்பிப்பார்: "நடுக்களத்தில் ஆளே இல்லை. பந்து நம் கோல் கீப்பரிடமிருந்து கிளம்பி நேராக அவர்கள் கோல் கீப்பரிடம் போய்ச் சேருகிறது." எதிர் பெஞ்சில் இருக்கும் கல்லூரி மாணவன் ஒப்புக்கொள்ள மாட்டான். "ஆட்கள் சரிதான் தாதா, கோச்தான் சரியில்லை. எழுபதாவது நிமிஷத்தில் ஸ்ட்ரைக்கரை வெளியே கூப்பிட்டால் கோலை யார் போடுவது?" டீ ஆற்றுகிறவர் திரும்பிப் பார்க்காமலே தீர்ப்பு வழங்குவார்: "கோச் என்ன செய்வார்? வாங்கின சரக்கு அப்படி." அதற்குள் நாலாவது ஆள் வந்து, 1975இல் என்ன நடந்தது தெரியுமா என்று தொடங்கிவிடுவார்.

1975இல் என்ன நடந்தது என்று தெரியாதவர் அந்தப் பெஞ்சில் கிடையாது. ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 5-0 என்று நொறுக்கியது. 1970 முதல் 1975 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கல்கத்தா லீக் பட்டமும் ஈஸ்ட் பெங்காலுக்கே. அந்தக் காலத்தைப் பார்க்காத பையனும் அதைப் பார்த்ததுபோலவே பேசுவான். பத்மா நதியைப் பார்க்காதவன் அதன் மீனைப் பற்றிப் பேசுவதில்லையா?

ஆனால் இந்தப் பழம்பெருமைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சமீப வருஷங்களின் கணக்கு வயிற்றைக் கலக்குகிறது. 2003-04இல் தேசிய லீக்கை வென்ற கிளப், அதன் பிறகு 2024-25 சீசன் முடியும்வரை நாட்டின் முதன்மை லீக் பட்டத்தைத் தொடவில்லை. 2020இல் இந்தியன் சூப்பர் லீக்கில் நுழைந்தபின் முதல் ஐந்து சீசன்களில் நான்கு முறை ஒன்பதாவது இடம். ஒரு முறை, 2021-22இல், கடைசி இடம். அந்த வருஷம் 20 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. 2024-25 சீசனிலோ முதல் ஆறு ஆட்டங்களிலும் தோல்வி.

இந்த ஐந்து சீசன்களில் டீக்கடை ஆறு தலைமைப் பயிற்சியாளர்களைக் கூண்டில் ஏற்றியிருக்கிறது. இடைக்காலப் பொறுப்பில் வந்துபோனவர்கள் தனி. லிவர்பூலில் கோல்களாகக் குவித்த ராபி ஃபௌலர் வந்தார். ஸ்பெயினிலிருந்து மனோலோ டயஸ் வந்தார், பிறகு மரியோ ரிவேரா. இந்திய அணிக்கே இரண்டு முறை பயிற்சியாளராக இருந்த ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் வந்தார். பெங்களூரை 2018-19இல் சாம்பியனாக்கிய கார்லஸ் குவாட்ராட் வந்தார். இவர் மட்டும் ஒரு கோப்பையைக் கண்ணில் காட்டினார். 2024 ஜனவரியில் புவனேஸ்வரத்தில் கூடுதல் நேரம் வரை போய் ஒடிசாவை 3-2 என்று வென்று சூப்பர் கப்பைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு வருஷங்களுக்குப் பிறகு வந்த தேசிய அளவிலான கோப்பை அது. பெரியவர்கள் தெருவில் நின்று அழுதார்கள் என்றால் அது நாடகமில்லை. எட்டே மாதத்தில் அடுத்த சீசனின் முதல் சில தோல்விகளோடு அவரும் கிளம்பிவிட்டார்.

அடுத்து வந்த ஆஸ்கர் புரூசோன் விஷயத்தில் விதி கொஞ்சம் குறும்பு செய்தது. ஸ்பெயின்காரரான அவர் வந்து சேர்ந்தது வங்கதேசத்தின் பசுந்தரா கிங்ஸ் கிளப்புக்குப் பல லீக் பட்டங்களை வாங்கிக் கொடுத்துவிட்டு. கிழக்கு வங்காளத்தை விட்டு வந்தவர்களின் கிளப்பை நிமிர்த்த, அங்கிருந்தே ஒருவர். வந்த சில நாட்களில், 2024 அக்டோபரில், பூட்டானில் நடந்த ஆசியப் போட்டியில் அதே பசுந்தரா கிங்ஸை ஈஸ்ட் பெங்கால் 4-0 என்று வென்றபோது டீக்கடை முழுவதும் ஒரு நாள் தத்துவம் பேசியது.

கோச்சைத் தலையில் தூக்கிவைப்பதும் தரையில் போடுவதும் இங்கே புதிதல்ல. 1997இல் மோகன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா 'டயமண்ட்' என்ற புதிய வியூகத்தைக் கொண்டுவந்தார். ஃபெடரேஷன் கப் அரையிறுதியில் எதிரே ஈஸ்ட் பெங்கால். அதன் கோச் பி.கே. பானர்ஜி. ஆட்டத்துக்கு முன்னால் அமல் தத்தா வாயை அடக்கவில்லை. பாய்சுங் பூட்டியாவை 'சம்சம்' என்று மிட்டாய் ஆக்கினார். ஒமோலோவை 'ஆம்லெட்' என்றார். சோசோவை வெள்ளரிக்காய் என்றார். ஜூலை 13 அன்று சால்ட் லேக் ஸ்டேடியத்தில் 1,31,781 பேர் கூடினார்கள். பி.கே. தன் பையன்களிடம் அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை, எதிராளியே சொல்லிவிட்டாரே. ஈஸ்ட் பெங்கால் 4-1. மிட்டாய் மூன்று கோல் போட்டது. அமல் தத்தாவும் பி.கே.யும் இப்போது இல்லை. டயமண்ட் வியூகம் சரியா தவறா என்ற வழக்கு மட்டும் டீக்கடை நீதிமன்றத்தில் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

ஆட்டக்காரர்கள் என்று வரும்போதுதான் இந்த ரசிகர்களின் விசுவாசம் எதில் இருக்கிறது என்பது தெரிகிறது. பிறந்த மண்ணை இழந்தவர்களின் கிளப் என்று பெயர். ஆனால் அது கொண்டாடும் முதல் பெரும் வரிசை, 1949 முதல் 1953 வரை ஆடிய 'பஞ்ச பாண்டவர்கள்': அகமது கான், அப்பா ராவ், தன்ராஜ், சாலே, வெங்கடேஷ். ஐவரும் தெற்கிலிருந்து வந்தவர்கள். நீ எந்த ஊர் என்று கிளப் அவர்களைக் கேட்கவில்லை. ஊரை விட்டு வந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கசப்பு தெரியும். இன்றைக்கும் டீக்கடை ஒரு ஸ்பெயின்காரரையோ மணிப்பூர்க்காரரையோ திட்டினால், அவன் வெளியூர்க்காரன் என்பதற்காகத் திட்டுவதில்லை. திரும்பி ஓடிவந்து தடுக்கவில்லை என்பதற்காகத்தான்.

தெற்கு ஒரு முறை கடனைத் திருப்பியும் வாங்கியது. 2019 மார்ச் 9, ஐ-லீக்கின் கடைசி நாள். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் அணியை 2-1 என்று வென்றது. அதே நேரத்தில் கோவையில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபிடம் முதல் பாதியில் பின்தங்கியிருந்தது. பிற்பாதியில் எழுந்து 3-1 என்று ஜெயித்துவிட்டது. சென்னை சிட்டிக்கு 43 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரு புள்ளி. அந்த சீசனில் கைநழுவிய ஒவ்வொரு டிராவையும் டீக்கடை எடுத்துவைத்துப் பிரேதப் பரிசோதனை செய்தது. கோவை என்ற ஊரின் பெயர் அந்தப் பெஞ்சில் கொஞ்ச நாள் கெட்ட வார்த்தையாகவே இருந்தது.

இந்தப் பேச்சால் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். கோச்சை நியமிப்பது டீக்கடை இல்லை. ஆள் வாங்குவதும் இல்லை. 2018க்கும் 2022க்கும் இடையில் ஈஸ்ட் பெங்காலின் அணிக்கு முதலீட்டாளர்களாக மூன்று நிறுவனங்கள் வந்தன; அதில் இரண்டு போயும்விட்டன. யார் கையெழுத்துப் போடுகிறார், எந்த ஷரத்தில் போடுகிறார் என்பதெல்லாம் மூடிய அறையில் தீர்மானமாகிறது. 2021 ஜூலையில் அந்த ஒப்பந்தம் பற்றிக் கேட்க கிளப் டென்ட்டின் முன் கூடிய ரசிகர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. பங்கு இல்லை, ஓட்டு இல்லை. பேச்சு ஒன்றுதான் அவர்களுக்கு உள்ள பாத்தியதை.

அந்தப் பாத்தியதை செல்லுபடியாகும் என்பதைக் காட்டியவர்கள் எதிர் முகாம்காரர்கள். 2020இல் மோகன் பகானின் கால்பந்து அணி ஏடிகே நிறுவனத்தோடு இணைக்கப்பட்டு, பெயர் 'ஏடிகே மோகன் பகான்' என்று ஆனது. 1911இல் வெறுங்காலோடு ஆடி வெள்ளைக்காரப் பட்டாளத்தை வென்ற கிளப்பின் பெயருக்கு முன்னால் மூன்று எழுத்துகள். ரசிகர்கள் விடவில்லை. அணி ஜெயித்தபோதும் அந்த மூன்றெழுத்தை எடு என்றார்கள், தோற்றபோதும் எடு என்றார்கள். 2023 மார்ச் 18, கோவாவில் பெங்களூரை வென்று அணி கோப்பையைத் தூக்கிய அன்றிரவே உரிமையாளர் அந்த எழுத்துகள் போகும் என்று அறிவித்தார். பேசிப் பேசியே கரைத்த கல் அது.

ஆனால் பேச்சு நின்றுபோன இடங்களையும் மறைக்க முடியாது. 1975இன் அந்த 5-0 தோல்வியைத் தாங்காமல் மோகன் பகானின் இளம் ரசிகர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பாங்கால் பெஞ்சில் ஐந்து விரலை விரித்துக் காட்டிச் சிரிப்பவர்கள் அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல வரும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள். 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸ். மைதானத்தில் இரண்டு ஆட்டக்காரர்களிடையே மூண்ட உரசல் கேலரிக்குப் பரவியது. அடிதடியிலும் நெரிசலிலும் 16 பேர் செத்தார்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைகள். இன்றும் அந்தத் தேதியில் கால்பந்து ரசிகர் தினம் என்று ரத்ததானம் நடக்கிறது. ரத்தம் கொடுக்கும் இடத்தில் எந்தச் சட்டை போட்டவன் என்று யாரும் பிரித்து வைப்பதில்லை.

அதற்கு நாற்பத்து நான்கு வருஷங்களும் இரண்டு நாட்களும் கழித்து, 2024 ஆகஸ்ட் 18 ஞாயிற்றுக்கிழமை, டூரண்ட் கோப்பையில் இரு அணிகளும் சால்ட் லேக்கில் மோதுவதாக இருந்தது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டு ஒன்பது நாட்களே ஆகியிருந்தன. நகரம் கொதித்துக்கொண்டிருந்தது. கேலரியில் நீதி கேட்டுக் குரல் எழுப்புவோம் என்று ரசிகர்கள் சொல்லியிருந்தார்கள். பாதுகாப்புக்குப் போலீஸ் போதாது என்று ஆட்டம் ரத்தானது. ஆட்டம் இல்லை, ஆனாலும் அவர்கள் வந்தார்கள். சிவப்பும் தங்க நிறமும், பச்சையும் அரக்கும், முகமதன் ஸ்போர்ட்டிங்கின் கறுப்பும் வெள்ளையும் ஸ்டேடியத்துக்கு வெளியே ஒரே கூட்டமாக நின்றன. மோகன் பகான் கேப்டன் சுபாசிஷ் போஸும் வந்து நின்றார். தடை உத்தரவு இருந்தது, தடியடியும் நடந்தது. ஒரு கிளப்பின் சட்டை போட்டவரின் தோளில் மற்ற கிளப்பின் சட்டை போட்டவர் ஏறி நின்று கோஷமிட்ட படம் நாடு முழுவதும் போனது.

1980இல் ஒருவரை ஒருவர் மிதித்த அதே இரண்டு கூட்டம்தானா இது என்று கேட்டால், ஆமாம், அதே கூட்டத்தின் பிள்ளைகள்தான். நடுவில் நாற்பது வருஷம் ஒருவரோடொருவர் சண்டை போட்டுப் பேசியிருக்கிறார்கள். தினமும் வாயால் சண்டை போடுகிறவனுக்கு எதிராளியின் முகம் தெரியும், அவன் குரல் தெரியும், எந்த வார்த்தைக்கு அவன் துள்ளுவான் என்பதும் தெரியும். முகம் தெரிந்தவனைத் தோளில் ஏற்றுவது அவ்வளவு கஷ்டமில்லை.

மூன்று நாள் கழித்து ஷில்லாங்கில் காலிறுதி. ஈஸ்ட் பெங்கால் ஷில்லாங் லஜோங்கிடம் 2-1 என்று தோற்றது. மறுநாள் டீக்கடையில் மண் குவளையில் டீ ஆறிக்கொண்டிருந்திருக்கும். யாராவது ஒருவர் பேப்பரை மடித்துத் தொடையில் தட்டியிருப்பார்: "நடுக்களத்தில் ஆளே இல்லை."